பிளாக் வடிவமைப்பு எஃப்எம்ஆர்ஐ: மூளைத் துலங்கலின் காலப்போக்கை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

எஃப்எம்ஆர்ஐ என்பது மூளையின் செயல்பாட்டைக் காந்த ஸ்கேனரில் படமெடுக்கும் முறை. அதில் பணியும் ஓய்வும் பல விநாடி நீளும் பிளாக்குகளாக மாறிமாறி வருவதே பிளாக் வடிவமைப்பு. இப்படி நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு வோக்ஸலுக்கும், அதாவது மூளைப் படத்தின் ஒவ்வொரு சிறு கனசதுரத்துக்கும், ஒரே ஓர் எண்ணில் முடிந்துவிடுகின்றன. பணி நடந்த நேரத்தில் சமிக்ஞை இவ்வளவு உயர்ந்தது என்று அந்த எண் சொல்கிறது. எப்போது உயரத் தொடங்கியது, உயர்ந்தபின் நிலைத்து நின்றதா, பாதியிலேயே தளர்ந்ததா, பணி முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. மென்பொருள் ஒரு வடிவத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, தரவு அந்த வடிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மட்டும் அளக்கிறது. வடிவம் பொருந்தவில்லை என்றால் எண்ணும் பிழைபடும். எண்ணை மட்டும் பார்த்து அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே துலங்கல் வளைவைத் தரவிலிருந்தே மதிப்பிடுவது கட்டுரைக்குப் படம் சேர்க்கும் வேலை அல்ல. ஒவ்வொரு பிளாக் ஆய்விலும் செய்தாக வேண்டிய சோதனை. அதைச் செய்யும்போது எந்தச் சூத்திரத்தையும்விட அடிநிலை (பணி இல்லாதபோது சமிக்ஞை நிற்கும் மட்டம்) எது என்ற முடிவுதான் வளைவை அதிகம் மாற்றும். இந்த வழிகாட்டியில் அந்த ஒரு விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

எந்த வளைவைத் தேடுகிறோம்?

நரம்பணுக்கள் செயல்படும்போது அந்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கும் அதிகமாகப் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் பங்கு குறைவதால் எம்ஆர் சமிக்ஞை சற்று உயர்கிறது. சேய்ஜி ஒகாவாவும் குழுவினரும் 1990-இல் எலிகளில் காட்டிய இந்த போல்ட் விளைவு (ரத்த ஆக்சிஜன் அளவைச் சார்ந்த சமிக்ஞை மாற்றம்), 1992-இல் மனித மூளையிலும் பதிவானது. கணப்பொழுதுத் தூண்டல் ஒன்றுக்கு இந்தச் சமிக்ஞை ஒன்றிரண்டு விநாடி தாமதித்து எழும்பி, 5 அல்லது 6 விநாடியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கி, அடிநிலைக்கும் கீழே சிறிது நேரம் தாழ்ந்திருந்து மீள்கிறது. இதுவே ரத்தவோட்டத் துலங்கல் சார்பு.

பிளாக் வடிவமைப்பில் நமக்கு நேரடியாகக் கிடைப்பது இந்தச் சார்பு அல்ல. 20 விநாடி நீளும் பணிக்கு மூளை காட்டும் மொத்தத் துலங்கல்தான் கிடைக்கிறது: ஆறேழு விநாடி ஏற்றம், பிறகு மேடு, பணி நின்றதும் தாமதமான இறக்கம், அடியில் ஒரு தாழ்வு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரே நீளப் பிளாக்குகளிலிருந்து கணப்பொழுதுத் துலங்கலைப் பிரித்தெடுக்கப் பலர் முயல்கிறார்கள். அது ஏன் கைகூடாது என்பதற்குக் கணிதக் காரணம் உண்டு. 20 விநாடி நீளமுள்ள செவ்வக அலையில் 0.05 ஹெர்ட்ஸ், 0.10 ஹெர்ட்ஸ், 0.15 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் ஆற்றல் பூஜ்யம். வடிவமைப்பு எதை உள்ளே அனுப்பவே இல்லையோ, அதைப் பற்றிய தகவல் வெளியே வரும் தரவில் இருக்காது. 20 விநாடிப் பணியும் 20 விநாடி ஓய்வும் மாறிமாறி வந்தால் நிலைமை இன்னும் இறுகும்: 0.025, 0.075 போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

நேரியல் கூட்டலும் முழுமையாகச் செல்லுபடியாவதில்லை. மிகக் குறுகிய தூண்டல்களின் துலங்கலை அடுக்கிக் கூட்டினால், நீண்ட தூண்டலுக்கு உண்மையில் வருவதைவிடப் பெரிய வளைவு கிடைப்பது பார்வைப் புறணி ஆய்வுகளில் நன்கு தெரிந்த செய்தி. எனவே கேள்வியை இப்படி அமைத்துக்கொள்வதே நேர்மை: இந்தப் பிளாக்குக்கு இந்தப் பகுதி எப்படித் துலங்கியது?

படி 1: ஸ்கேனுக்கு முன்பே செய்ய வேண்டியது

பகுப்பாய்வில் தீர்க்க முடியாத சிக்கல்கள் எல்லாம் இங்கேதான் உருவாகின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். ஒரு படத்தொகுதி எடுக்க ஆகும் நேரம், அதாவது டிஆர், 2 விநாடி. தொடக்கத்தில் 20 விநாடி ஓய்வு. பிறகு 20 விநாடிப் பணி, 20 விநாடி ஓய்வு என்ற சுற்று 10 முறை. மொத்தம் 420 விநாடி, 210 படத்தொகுதிகள்.

இந்த வடிவமைப்பில் பணியின் விளைவைக் கண்டறியும் திறன் அதிகம். ஆனால் வளைவை மதிப்பிட இரண்டு திருத்தங்கள் பெரிதும் உதவும். முதலாவது, ஓய்வின் நீளத்தை மாற்றுவது. எல்லா ஓய்வும் 20 விநாடியாக இல்லாமல் 14 முதல் 26 வரை கலந்து வந்தால், முந்தைய பிளாக்கின் வாலும் அடுத்த பிளாக்கின் தலையும் எப்போதும் ஒரே இடத்தில் மோதாது. இரண்டாவது, ஓட்டத்தின், அதாவது இடைவிடாமல் நடக்கும் ஒரு ஸ்கேனின், நடுவிலும் முடிவிலும் 30 விநாடிக்குக் குறையாத நீண்ட ஓய்வு ஒவ்வொன்று. அடிநிலையை நம்பத்தக்க வகையில் அறிய இதைவிட மலிவான வழி இல்லை.

இரண்டு வகைப் பணிகள் இருந்தால், ஒன்றன்பின் மற்றொன்று எப்போதும் அதே வரிசையில் வரக் கூடாது. இடையில் ஓய்வே இல்லாமல் முதல் வகையும் இரண்டாம் வகையும் மாறிமாறி வந்தால், அவற்றின் வித்தியாசத்தை மட்டுமே மதிப்பிட முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு கேட்டால் எந்த மென்பொருளாலும் தர முடியாது.

பிளாக்குகள் எப்போதும் டிஆரின் தொடக்கத்திலேயே தொடங்கினால் வளைவில் 2 விநாடிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். பாதிப் பிளாக்குகளை 1 விநாடி தள்ளித் தொடங்கினால், அதே ஸ்கேனிலிருந்து 1 விநாடி இடைவெளியில் புள்ளிகள் கிடைக்கும்.

படி 2: தரவைத் தயார்செய்தல்

தலை அசைவுத் திருத்தம் போன்ற வழக்கமான வேலைகளை விவரிக்கவில்லை. வளைவைக் குறிப்பாகப் பாதிப்பவை மூன்று.

முதலில் காலக்கணக்கு. காந்தமாக்கம் சமநிலைக்கு வரும்வரை எடுக்கப்பட்ட தொடக்கப் படத்தொகுதிகளை நீக்குவது வழக்கம். மூன்று தொகுதிகளை நீக்கினால் எல்லாத் தொடக்க நேரங்களிலிருந்தும் 6 விநாடி கழிக்க வேண்டும். ஸ்கேனரே அவற்றைத் தானாக நீக்கியிருந்தால் கழிக்கக் கூடாது. எது நடந்தது என்பதைக் கோப்பில் உள்ள தொகுதிகளின் எண்ணிக்கையை எண்ணி உறுதிசெய்யுங்கள். நினைவை நம்ப வேண்டாம். அடுத்து, ஒரே தொகுதியின் துண்டுகள் வெவ்வேறு கணங்களில் எடுக்கப்படுகின்றன. டிஆர் 2 விநாடி என்றால் முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் ஏறத்தாழ 2 விநாடி வித்தியாசம். மேட்டின் உயரம் மட்டும் வேண்டுமானால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பகுதிகளின் ஏற்ற நேரத்தை ஒப்பிடுகிறவர்கள் துண்டு நேரத் திருத்தத்தைத் தவிர்க்கவே கூடாது.

மூன்றாவது, மெதுவான அலைவை நீக்கும் ஹை-பாஸ் ஃபில்டர். எஸ்பிஎம் மென்பொருளில் இதன் இயல்பு எல்லை 128 விநாடி. நம் எடுத்துக்காட்டில் சுற்று 40 விநாடி என்பதால் கவலையில்லை. ஆனால் நான்கு வகைப் பணிகள் நிலையான வரிசையில், ஒவ்வொன்றும் ஓய்வோடு சேர்த்து 40 விநாடி என்று வந்தால், ஒரே வகை 160 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பும். அப்போது ஃபில்டர் இரைச்சலோடு சேர்த்து நீங்கள் தேடிவந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியையும் வெட்டிவிடும். எல்லையை மிக நீண்ட சுற்றைவிடத் தாராளமாக நீட்டிவைக்க வேண்டும். தரவுக்குச் செய்யும் வடிகட்டலை, அதோடு ஒப்பிடும் கணித மாதிரிக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வோக்ஸலையும் அதன் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இனி வரும் கெழுக்கள் (மாதிரியைத் தரவோடு பொருத்தும்போது கிடைக்கும் எண்கள்) எல்லாம் நேரடியாகச் சதவீத மாற்றமாக இருக்கும், நபர்களை ஒப்பிடலாம்.

படி 3: பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

வளைவைத் தனி வோக்ஸலில் பார்ப்பதைவிட ஒரு பகுதியின் சராசரியில் பார்ப்பது தெளிவு. அந்தப் பகுதியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. அதே தரவில் அதிகம் ஒளிர்ந்த வோக்ஸல்களைப் பொறுக்கி, அவற்றின் வளைவை வரைந்து, பாருங்கள் எவ்வளவு உயர்கிறது என்று காட்டுவது வட்டத் தர்க்கம். தற்செயலாக மேல்நோக்கிச் சாய்ந்த இரைச்சலையும் சேர்த்தே பொறுக்கியிருப்பீர்கள். உடற்கூறு வரைபடத்திலிருந்து எடுங்கள், அல்லது தனியாக ஓர் இடங்காணும் ஓட்டம் நடத்துங்கள், அல்லது ஓர் ஓட்டத்தில் தேர்ந்தெடுத்து மற்றோர் ஓட்டத்தில் அளவிடுங்கள். முன்கூட்டிய வடிவத்தோடு பொருந்திய வோக்ஸல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், அந்த வடிவமே திரும்பக் கிடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 4: முதலில் எளிய சராசரி

பிளாக் தொடங்கும் கணத்தைப் பூஜ்யமாக வைத்து, பத்துப் பிளாக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளிதோறும் சராசரி எடுங்கள். சராசரியோடு பத்துக் கோடுகளையும் மெல்லிய நிறத்தில் வரையுங்கள். ஏழாவது பிளாக்கில் தலை அசைந்தது, முதல் பிளாக் மட்டும் தனியே உயர்ந்து நிற்கிறது போன்றவை இங்கே கண்ணில் படும். எந்தப் புள்ளிவிவரச் சோதனையும் இவ்வளவு விரைவாக இதைச் சொல்லாது.

வழக்கமாக, பிளாக்குக்கு முந்தைய இரண்டு மூன்று புள்ளிகளின் சராசரியை அடிநிலையாகக் கழிப்பார்கள். இதில் ஒரு வலை இருக்கிறது. ஓய்வு 12 விநாடிதான் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அடிநிலை 100, மேடு 101.2. பணி முடிந்தபின் சமிக்ஞை இறங்கி, அடிநிலைக்குக் கீழே 99.7-இல் இருக்கும்போதே அடுத்த பிளாக் தொடங்கிவிடுகிறது. அந்த 99.7-ஐ அடிநிலையாகக் கழித்தால் துலங்கல் 1.5 சதவீதம் என்று வரும். உண்மையில் இருப்பது 1.2. முதல் பிளாக்குக்கு முன் எந்தத் தாழ்வும் இல்லாததால் அதற்கு மட்டும் 1.2 சரியாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், மூளை பணிக்குப் பழகப் பழகத் துலங்கல் வளர்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். நடந்தது கழித்தல் பிழை மட்டுமே.

ஓய்வு நீளமாகவும் பணி ஒரே வகையாகவும் இருந்தால் எளிய சராசரியே போதும். ஒன்றன்மேல் ஒன்று படியும் துலங்கல்களைப் பிரிக்க அடுத்த படி தேவை.

படி 5: வடிவமைப்பு அணியைக் கட்டுதல்

வடிவமைப்பு அணி என்பது படத்தொகுதிக்கு ஒரு வரிசை, மாதிரியின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நிரல் கொண்ட எண் அட்டவணை. யோசனை எளிது. வடிவத்தை ஊகிக்காமல், பிளாக் தொடங்கி 0, 2, 4, 6 விநாடி என்று ஒவ்வொரு கணத்துக்கும் அணியில் ஒரு தனி நிரல் கொடுக்கிறோம். பிளாக் தொடங்கி 6 விநாடி ஆன படத்தொகுதிகளில் எல்லாம் அந்த நிரலில் 1, மற்ற இடங்களில் 0. ரிக்ரெஷன் (நிரல்களைத் தரவோடு பொருத்தும் கணக்கு) தரும் கெழுக்களை வரிசையாக வைத்தால் அதுவே துலங்கல் வளைவு. எஸ்பிஎம்மில் இதன் பெயர் எஃப்ஐஆர். அஃப்னி மென்பொருளின் 3டி-டீகன்வால்வ் கட்டளையில் இதே வேலையை முக்கோண வடிவ டென்ட் சார்புகள் செய்கின்றன. தொடக்க நேரங்கள் டிஆரோடு ஒத்துப்போகாதபோது அவை புள்ளிகளுக்கு இடையே சீராக இணைத்துக்கொள்ளும்.

நம் எடுத்துக்காட்டுக்கு டென்ட் சார்பில் தொடக்கம் 0, முடிவு 36, எண்ணிக்கை 19 என்று கொடுக்கலாம். 36-ஐ 18 இடைவெளிகளாகப் பிரித்தால் 2 விநாடிக்கு ஒரு புள்ளி. 20 விநாடிப் பணியும் அதன்பின் 16 விநாடி இறக்கமும் இதில் அடங்கும்.

ஏன் 38 வரை போகக் கூடாது? 38 வரை போனால் 20 நிரல்கள். சுற்று 40 விநாடி என்பதால், முதல் பிளாக் தொடங்கியபின் வரும் ஒவ்வொரு படத்தொகுதியும் ஏதாவது ஒரு நிரலில் சரியாக ஒருமுறை 1 பெறும். எல்லா நிரல்களையும் கூட்டினால் 1, 1, 1 என்றே வரும். அணியில் ஏற்கெனவே இருக்கும் மாறிலி நிரலும் அதுதான். தொடக்க ஓய்வு இல்லாதிருந்தால் இரண்டும் ஒன்றே, தீர்வு கிடைக்காது. தொடக்கத்தில் 20 விநாடி ஓய்வு இருப்பதால் நம் கணக்கு உடையவில்லை, ஆனால் முழு வளைவின் உயரமும் அந்த முதல் 10 படத்தொகுதிகளை மட்டுமே நம்பி நிற்கும். அந்த 20 விநாடியில் பங்கேற்பாளர் ஒருமுறை தலையை அசைத்தால் 20 கெழுக்களும் ஒன்றாக மேலே போகும் அல்லது கீழே போகும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. வடிவம் அழகாகவே இருக்கும்.

36-இல் நிறுத்தினால், ஒவ்வொரு சுற்றிலும் கடைசிப் படத்தொகுதி அடிநிலைக்கு உதவும். 10 என்பது 20 ஆகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. பணி முடிந்து 18 விநாடி ஆகியும் தாழ்வு நீடிக்கும் பகுதிகளில் அந்தப் புள்ளி தூய அடிநிலை அல்ல. நடுவிலும் முடிவிலும் நீண்ட ஓய்வு வையுங்கள் என்று படி 1-இல் வற்புறுத்தியது இதற்காகத்தான். ஏற்கெனவே எடுத்த தரவு என்றால், முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் பூஜ்யத்தில் நிறுத்தும் டென்ட்-ஸீரோ ஒரு வழி. அது ஓர் ஊகம் என்பதைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

மெதுவான அலைவுக்குப் பல்லுறுப்புக்கோவை நிரல்கள் சேரும். அஃப்னியின் பரிந்துரை, ஓட்டத்தின் விநாடிகளை 150-ஆல் வகுத்த முழு எண்ணோடு 1 கூட்டுவது. 420 விநாடிக்கு மூன்றாம் படி, மாறிலியோடு நான்கு நிரல்கள். தலை அசைவுக்கு ஆறு. ஆக 19, 4, 6 சேர்ந்து 29. 210-இல் 29 போக 181 மிச்சம். பிழையை மதிப்பிட இது தாராளம். பணி வகை நான்கானால் டென்ட் நிரல்கள் மட்டும் 76 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓடவிடும் முன் அணியைப் படமாக வரைந்து கண்ணால் பாருங்கள். நிரல்களுக்கு இடையிலான ஒட்டுறவைப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு நாட்களை இழக்கிறார்கள்.

படி 6: மதிப்பீடு

எஃப்எம்ஆர்ஐ இரைச்சல் அடுத்தடுத்த கணங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையது. சாதாரண மீச்சிறு வர்க்க முறையில் கெழுக்கள் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. ஆனால் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாக வரும். அஃப்னியில் 3டி-ரெம்எல்ஃபிட் கட்டளையும், எஸ்பிஎம்மில் ஏஆர்(1) தேர்வும் (ஒவ்வொரு கணத்தின் இரைச்சலும் முந்தைய கணத்தைச் சார்ந்தது என்று கொள்வது) இதைச் சரிசெய்கின்றன. டிஆர் 1 விநாடிக்கும் குறைவான வேகப் பதிவுகளில் தொடர்பு வலுவாக இருப்பதால் எளிய ஏஆர்(1) போதாது; எஸ்பிஎம்மின் ஃபாஸ்ட் தேர்வு அதற்கென வந்தது.

படி 7: வளைவை வாசித்தல்

மதிப்பிட்ட வளைவின்மேல், செவ்வக அலையை வழக்கமான துலங்கல் சார்போடு கன்வல்யூஷன் செய்து (ஒவ்வொரு கணத்தின் துலங்கலையும் நகர்த்திக் கூட்டி) கிடைக்கும் கோட்டையும் வரையுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதில்தான் செய்தி இருக்கிறது.

வளைவு முழுவதும் அப்படியே சில விநாடி முன்னோ பின்னோ நகர்ந்திருந்தால், முதலில் காலக்கணக்கைச் சந்தேகியுங்கள். நீக்கிய படத்தொகுதிகள், விநாடிக்குப் பதில் டிஆர் எண்ணிக்கையில் கொடுத்த நேரம் ஆகிய இரண்டுமே பெரும்பாலும் காரணம். பூஜ்யம் விநாடியிலேயே சமிக்ஞை துள்ளியிருந்தால் அது ரத்த ஓட்டம் அல்ல. ரத்தம் அவ்வளவு வேகமாக வராது. பணி தொடங்கும்போதெல்லாம் தலை அசைகிறது என்று பொருள். வாய்விட்டுப் பேசும் பணிகளில் இது அடிக்கடி தெரியும். பிளாக்கின் தொடக்கத்தில் ஒரு முகடு, பிறகு தாழ்ந்த மேடு என்றால் தகவமைவாக இருக்கலாம், பங்கேற்பாளர் சலித்து விலகியதாகவும் இருக்கலாம். பணியின் செயல்திறன் பதிவைப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனி முகடுகள் தெரியும் பகுதிகளும் உண்டு. ஒற்றை வடிவ மாதிரியில் இவை பலவீனமான துலங்கலாகப் பதிவாகி, வரைபடத்தில் காணாமலே போய்விடும்.

ஒரு பகுதி இன்னொன்றைவிட ஒரு விநாடி தாமதமாக எழுந்தால், தகவல் அங்கிருந்து இங்கே சென்றது என்று எழுதிவிடாதீர்கள். பெரிய சிரைகளுக்கு அருகில் சமிக்ஞை இயல்பாகவே தாமதிக்கும். ரத்தக் குழாய்களின் அமைப்பு பகுதிக்குப் பகுதி மாறும். ஒரே பகுதியில் இரு பணிகளின் ஏற்றத்தை ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

படி 8: குழுவாகச் சேர்த்தல்

ஒவ்வொரு நபரின் 19 கெழுக்களையும் இரண்டாம் நிலைக்கு எடுத்துச் செல்லுங்கள். சராசரி வளைவோடு தனி வளைவுகளையும் காட்டுங்கள். துலங்கலின் வடிவம் ஒரே நபரிடம் ஓரளவு நிலையாக இருந்தாலும் நபருக்கு நபர் கணிசமாக மாறுகிறது. உச்சங்கள் வெவ்வேறு நேரத்தில் விழும்போது சராசரி வளைவு தட்டையாகிவிடும். தட்டையான சராசரியைப் பார்த்துத் துலங்கல் சிறிது என்று சொல்லக் கூடாது.

இரு குழுக்களை 19 புள்ளிகளிலும் தனித்தனியாகச் சோதித்து, வித்தியாசம் தெரிந்த புள்ளியை மட்டும் எழுதுவது ஏற்கத்தக்கதல்ல. பக்கத்துப் புள்ளிகளின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, சோதனைகளும் பல. இரண்டு நல்ல வழிகள் உள்ளன. ஒன்று, தரவைப் பார்க்கும் முன்பே ஒரு சாளரத்தை முடிவுசெய்வது: மேட்டுக்கு 8 முதல் 20 விநாடி வரையிலான கெழுக்களின் சராசரி, தாழ்வுக்கு 30 முதல் 36 வரை. நபருக்கு ஓர் எண் கிடைக்கும். சாதாரணச் சோதனையே போதும். மற்றொன்று, நேரத்தை ஒரே நபருக்குள் மாறும் காரணியாக வைத்து, குழுவும் நேரமும் ஊடாடுகின்றனவா என்று கேட்பது. உயரத்தில் வித்தியாசம் இல்லாமல் வடிவத்தில் மட்டும் வித்தியாசம் இருந்தால் இரண்டாவது வழிதான் அதைப் பிடிக்கும்.

கட்டுரையில் வளைவைப் போடும்போது படத்தின் கீழ் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: அடிநிலை எந்தப் படத்தொகுதிகளிலிருந்து வந்தது, மதிப்பிட்ட சாளரத்தின் நீளம், ஹை-பாஸ் எல்லை, பகுதியைத் தேர்ந்தெடுத்த தரவு எது. பிழைக் கோடுகள் நபர்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டுகின்றனவா, பிளாக்குகளுக்கு இடையிலானதையா என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.